கல்லைப் பார்த்துப் பறந்த ஹெலிகாப்டர்: இன்ஜெனுவிட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜெனுவிட்டி என்றால் என்ன?

வேறொரு கோளில் தன் சொந்த விசையால் எழும்பிப் பறந்து இறங்கிய முதல் வானூர்தி. எடை 1.8 கிலோ. நான்கு மெல்லிய கால்கள், நடுவில் டிஷ்யூ பெட்டி அளவில் ஓர் உடல், அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிகள், உச்சியில் ஒரு சூரியத் தகடு. செவ்வாயின் தரையில் ஊர்ந்து ஆராயும் வண்டியான நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, ஹெலிகாப்டர் தரையை விட்டு 3 மீட்டர் எழும்பியது. அந்தரத்தில் நின்றது, உடலைத் திருப்பியது, இறங்கியது. மொத்தம் 39.1 வினாடி.

நமக்கு அப்போது பிற்பகல் ஒரு மணி. தகவல் பூமிக்கு வந்து சேர்ந்தபோது மாலை நான்கைத் தாண்டிவிட்டது. அன்று செல்போனில் வந்த முதல் படத்தை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். கீழே சிறு கற்கள் சிதறிய தரை. அதன்மேல் நான்கு கால்களும் இறக்கைகளுமாக ஒரு நிழல். தன் நிழலைத் தானே எடுத்த படம் அது. நிழலுக்கும் காலுக்கும் இடையே இடைவெளி இருந்தால் பறந்திருக்கிறது என்று பொருள். அந்த இடைவெளி இருந்தது.

செவ்வாயில்தான் காற்றே இல்லையே, எப்படிப் பறக்க முடியும்?

காற்று இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. அங்கே தரைமட்டத்தில் காற்றின் அடர்த்தி நம் தரைமட்டக் காற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பூமியில் அத்தனை மெல்லிய காற்று வேண்டுமென்றால் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். பூமியில் ஒரு ஹெலிகாப்டர் எட்டிய உயரச் சாதனை 1972-இல் பிரான்சில் நிகழ்ந்தது. அதுவே 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். அதைப் போல இரண்டரை மடங்கு உயரத்தில் நிலவும் காற்றில் இன்ஜெனுவிட்டி எழும்ப வேண்டியிருந்தது.

செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 சதவீதம்தான் என்பது ஓரளவு கைகொடுக்கும். அது மட்டும் போதாது. எனவே மூன்று வேலைகளைச் செய்தார்கள். எடையைக் கிராம் கிராமாகக் குறைத்தார்கள். இறக்கையைப் பெரிதாக்கினார்கள்: இரண்டு கிலோ கூட இல்லாத பொருளுக்கு முனைக்கு முனை 1.2 மீட்டர் சுழலி. அதை நிமிடத்துக்கு 2,400 முறைக்கு மேல் சுழலவிட்டார்கள். பூமியில் மனிதர்கள் ஏறும் ஹெலிகாப்டரின் சுழலி நிமிடத்துக்குச் சில நூறு முறைதான் சுற்றும்.

இன்னும் வேகமாகச் சுற்றினால் என்ன என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரம்பு உண்டு. செவ்வாயில் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 240 மீட்டர். இங்கே உள்ளதைவிடக் குறைவு. 2,400 சுற்றில் இறக்கையின் நுனி வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கத் தூக்குவிசை கெட்டுவிடும், அதிர்வு கூடும். இடைப்பட்ட அந்தக் குறுகிய இடத்துக்குள்தான் முழு வடிவமைப்பையும் பொருத்த வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் வெளியே அதிகம் பேசப்படவில்லை. பூமியில் ஹெலிகாப்டர் இறக்கை மேலும் கீழும் துள்ளும்போது அடர்ந்த காற்றே அந்தத் துள்ளலை அடக்கிவிடுகிறது. செவ்வாயில் அடக்கும் காற்று இல்லை. ஆட்டம் அடங்காமல் நீடித்துக் கட்டுப்பாட்டைக் குலைக்கும். ஆகவே இறக்கைகளைக் கார்பன் இழையால், வழக்கத்தைவிட மிக விறைப்பாகச் செய்தார்கள். எடையோ இறகளவு, விறைப்போ பலகையளவு. இந்த இரண்டையும் ஒரே பொருளில் கொண்டுவந்தது என்னைப் பொறுத்தவரை முழுத் திட்டத்தின் மிக அழகான பொறியியல்.

இதைப் பூமியில் எப்படிச் சோதித்தார்கள்?

கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 25 அடி அகலமும் 85 அடி உயரமும் கொண்ட ஓர் எஃகு உருளை இருக்கிறது. விண்வெளிச் சூழலை உருவாக்கும் அறை அது. அதிலிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, செவ்வாயில் உள்ள அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடை நிரப்பினார்கள். ஈர்ப்பை மட்டும் உறிஞ்சி எடுக்க முடியாதே! அதற்காக ஹெலிகாப்டரின் தலையில் ஒரு கயிற்றைக் கட்டி, மோட்டார் ஒன்று அதன் எடையில் பெரும்பகுதியை எப்போதும் தாங்கிப் பிடிக்கும்படி செய்தார்கள். மிச்சமிருக்கும் 38 சதவீதத்தைத்தான் இறக்கைகள் தூக்க வேண்டும்.

இது யாருடைய யோசனை? சென்னைக்கு இதில் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்மைதான். இன்ஜெனுவிட்டியின் தலைமைப் பொறியாளர் பாப் பாலராம் சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். 1990-களிலேயே செவ்வாயில் ஹெலிகாப்டர் பறக்க முடியும் என்ற யோசனையை முன்வைத்தார். அப்போது பணம் கிடைக்கவில்லை; சுமார் பதினைந்து ஆண்டுகள் அது அலமாரியில் கிடந்தது. ட்ரோன்கள் உலகெங்கும் பறக்கத் தொடங்கிய பிறகு ஆய்வக இயக்குநரின் கவனம் அந்தப் பக்கம் திரும்ப, பழைய காகிதங்கள் மீண்டும் மேசைக்கு வந்தன.

திட்ட மேலாளர் மிமி ஆங், பர்மிய வம்சாவளியினர். தலைமை விமானி ஹோவார் கிரிப், நார்வேயிலிருந்து வந்தவர். உடலையும் சுழலிகளையும் செய்ததில் ஏரோவைரன்மென்ட் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு. முதல் பறப்பு வெற்றி என்று உறுதியானதும், தோற்றால் படிப்பதற்காக எழுதி வைத்திருந்த உரையை மிமி ஆங் கிழித்துப் போட்டார். அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். இத்தனை ஆண்டு உழைத்தவர் தோல்விக்கும் உரை எழுதி வைத்திருந்தார் என்பதே காரணம்.

பூமியிலிருந்து ரிமோட் வைத்து ஓட்டினார்களா?

முடியவே முடியாது. முதல் பறப்பு நாளில் செவ்வாய் இங்கிருந்து சுமார் 28.7 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு வழிக்கு 16 நிமிடம் ஆகும். பறப்போ ஒரு நிமிடம் கூட இல்லை. கீழே விழுந்தாலும் விழுந்து கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் நமக்குத் தெரியும்.

எனவே 'இத்தனை உயரம் ஏறு, இந்தத் திசையில் இத்தனை மீட்டர் போ, இறங்கு' என்ற திட்டத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். பிறகு காற்று தள்ளினாலும் தரை சரிந்தாலும் சமாளிப்பது ஹெலிகாப்டரின் பொறுப்பு. விமானி என்ற சொல் இங்கே திட்டம் எழுதுகிறவரைத்தான் குறிக்கிறது.

அங்கே ஜிபிஎஸ் கிடையாதே. தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகப் பிடித்தது. இன்ஜெனுவிட்டியின் வாழ்வும் முடிவும் இதற்கான பதிலில்தான் இருக்கின்றன.

செவ்வாயைச் சுற்றி வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் இல்லை. திசைகாட்டியும் உதவாது, ஏனென்றால் கோள் முழுவதற்குமான காந்தப்புலம் அங்கே இல்லை. மிஞ்சுவது பார்வை மட்டுமே. ஹெலிகாப்டரின் வயிற்றில் நேராகத் தரையைப் பார்த்தபடி ஒரு சிறிய கறுப்பு வெள்ளைக் கேமரா உண்டு. அது 640-க்கு 480 பிக்சல் அளவில் வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும். ஒரு படத்தில் கல், கல்லின் விளிம்பு, நிழலின் மூலை என்று எடுப்பாகத் தெரியும் புள்ளிகளைக் கணினி குறித்துக்கொள்கிறது. அடுத்த படத்தில் அதே புள்ளிகள் எந்தப் பக்கம், எத்தனை பிக்சல் நகர்ந்திருக்கின்றன என்று பார்க்கிறது. உயரத்தை லேசர் உயரமானி சொல்லிவிடும். உயரமும் பிக்சல் நகர்வும் தெரிந்தால் வேகம் கிடைத்துவிடுகிறது. படத்துக்கும் படத்துக்கும் இடைப்பட்ட நொடித்துளிகளில் உடலின் சாய்வையும் முடுக்கத்தையும் உணரிகள் கணித்துக்கொண்டே இருக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கணினியில் பயன்படுத்தும் மவுஸைத் திருப்பிப் பாருங்கள்; அடியில் சிவப்பாக ஒரு வெளிச்சம் எரியும். அந்த வெளிச்சத்தில் ஒரு குட்டிக் கேமரா உங்கள் மேசையை ஓயாமல் படம்பிடித்துக்கொண்டிருக்கிறது. மரத்தின் ரேகை, துணியின் இழை, காகிதத்தின் சொரசொரப்பு ஆகியவை நகர்வதைப் பார்த்துத்தான் அது திரையில் அம்புக்குறியை நகர்த்துகிறது. அதே மவுஸைச் சுத்தமான கண்ணாடி மேசையில் வைத்துத் தள்ளுங்கள். அம்புக்குறி தடுமாறும், அல்லது அசையாமல் நிற்கும். மவுஸில் கோளாறு எதுவும் இல்லை. பார்ப்பதற்கு அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மவுஸ் கண்ணாடியில் படும் இந்தப் பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

அதன் மூளை ஒரு செல்போன் சிப் என்பது உண்மையா?

உண்மை. 2014 வாக்கில் ஸ்மார்ட்போன்களில் இருந்த குவால்காம் ஸ்னாப்டிராகன் 801. கேமராக்கள், சாய்வு உணரி, லேசர் உயரமானி, பேட்டரி என்று பலவும் கடையில் கிடைக்கும் ரகம். ரோவரின் கணினி கதிர்வீச்சைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. விலை மிக அதிகம், வேகம் 200 மெகாஹெர்ட்ஸ். ஹெலிகாப்டரின் செல்போன் சிப்புக்கு வேகம் இரண்டு கிகாஹெர்ட்ஸைத் தாண்டும். வினாடிக்கு 30 படங்களை அலசுவதற்கு அந்த வேகம் இல்லாமல் முடியாது.

அதில் ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். பறப்பு மென்பொருளான எஃப் பிரைம் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்தநிலை மென்பொருள். அது சார்ந்திருந்த திறந்தநிலை நிரல்களுக்குப் பங்களித்தவர்கள் உலகெங்கும் ஏறக்குறைய 12,000 பேர் என்று, அத்தகைய நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப் கணக்கிட்டு, அவர்கள் ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஒரு பதக்கச் சின்னத்தை இட்டது. எங்கோ ஓர் ஊரில் இரவில் உட்கார்ந்து ஒரு பிழையைத் திருத்தியவரின் வரி செவ்வாயில் ஓடியிருக்கிறது. அதை அவரே அன்றுதான் அறிந்திருப்பார்.

பறக்கும்போது ஒரு படம் தொலைந்துபோனதால் தடுமாறியதாமே, என்ன நடந்தது?

ஆறாவது பறப்பு, 2021 மே 22. பத்து மீட்டர் உயரத்தில் 150 மீட்டர் தூரம் போய்விட்டு அடுத்த திருப்பத்துக்கு வந்த நேரம். பறக்கத் தொடங்கி 54 வினாடி ஆகியிருந்தது. வழிகாட்டும் கேமராவின் படங்களில் ஒன்று, ஒன்றே ஒன்று, கணினிக்குப் போகும் வழியில் தவறிவிட்டது.

ஒரு படம் போனால் என்ன என்று தோன்றும். கெடுதல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் 'இது இந்த நேரத்தில் எடுத்தது' என்று ஒரு நேர முத்திரை உண்டு. ஒரு படம் விடுபட்டதும் அதற்குப் பின் வந்த எல்லாப் படங்களிலும் முத்திரை தவறாகிவிட்டது. கணினி பார்த்த படம் ஒரு நேரத்தியது, அது நம்பிய நேரம் வேறு. 'நான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையே' என்று ஹெலிகாப்டர் தன்னைத் திருத்தியது. திருத்தியது அதிகமாகிவிட, மறுபக்கம் திருத்தியது. இப்படி 20 டிகிரிக்கும் மேல் முன்னும் பின்னும் சாய்ந்தாடிக்கொண்டே மீதித் தூரத்தையும் பறந்து முடித்தது.

விழாமல் காத்தவை இரண்டு. நிலைகுலைவைத் தாங்கும்படி வடிவமைப்பில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். அத்துடன், தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் புழுதி எழும்பும் என்பதால் கேமராவை நம்பாமல் மற்ற உணரிகளைக் கொண்டே இறங்கும்படி முன்பே எழுதி வைத்திருந்தார்கள். கேமராவை விட்ட கணத்தில் ஆட்டமும் நின்றது. குறித்த இடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் நான்கு காலும் ஊன்றி இறங்கியது.

ரைட் சகோதரர்களின் விமானத் துணி அதில் இருந்ததாமே?

இருந்தது, இன்றும் இருக்கிறது. 1903-இல் பறந்த விமானத்தின் இறக்கையை மூடியிருந்த துணியிலிருந்து தபால்தலை அளவு ஒரு துண்டை வெட்டி, சூரியத் தகட்டின் அடியில் ஒரு கம்பியில் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். முதல் பறப்பு நடந்த இடத்துக்கும் ரைட் சகோதரர்கள் களம் என்றே பெயர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இன்ஜெனுவிட்டிக்கு முறைப்படி ஓர் அழைப்புப் பெயரும், ஜெசீரோ களத்துக்கு விமான நிலையங்களுக்குத் தருவது போன்ற குறியீடும் தந்தது.

வண்ணப் படங்கள் எடுக்கவில்லையா?

எடுத்தது. 13 மெகாபிக்சல் வண்ணக் கேமரா ஒன்று தொடுவானத்தை நோக்கிச் சற்றுக் கீழே சாய்ந்தபடி இருந்தது. இதுவும் செல்போன் கேமரா ரகம்தான்.

அதன் படங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 2022 ஏப்ரல் 19 அன்று, முதல் பறப்பின் ஓராண்டு நிறைவு நாளில், 26-ஆவது பறப்பில் எடுத்ததைச் சொல்வேன். பெர்சிவரன்ஸ் இறங்கியபோது கழற்றி எறியப்பட்ட கூம்பு வடிவ மேலோடும் 21.5 மீட்டர் அகலப் பாராசூட்டும் விழுந்து கிடந்த இடத்தை எட்டு மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தது. மணிக்கு 126 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதிய ஓடு உடைந்து, சுற்றிலும் சில்லுகள் இறைந்து கிடக்கின்றன. பாராசூட்டோ செம்மண் புழுதி படிந்து அப்படியே விரிந்து கிடக்கிறது. துணியையும் மேலோட்டையும் இணைக்கும் கயிறுகள் பலவும் தெரிகின்றன; அவை அறுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த விண்கலத்தை இறக்கப்போகும் பொறியாளர்களுக்கு அந்தப் பத்துப் படங்கள் பெரிய பாடம். தரையில் ஊரும் ரோவரால் அந்தக் கோணத்தில் எடுத்திருக்க முடியாது.

சத்தம் கேட்டதா?

கேட்டது. நான்காவது பறப்பின்போது, 80 மீட்டர் தள்ளி நின்ற ரோவரின் மைக்ரோபோன் பதிவு செய்தது. 84 ஹெர்ட்ஸில் தேனீ ரீங்காரத்தைவிடத் தாழ்ந்த ஒரு முனகல். காற்றின் இரைச்சலுக்குள் அமுங்கி அமுங்கி வருகிறது. காதொலிப்பான் மாட்டிக் கேட்டால்தான் பிடிபடும்.

ஐந்து முறை பறக்கத்தானே அனுப்பினார்கள்? 72 முறை எப்படிப் பறந்தது?

ஒரு மாதச் சோதனை என்றுதான் திட்டம். ஐந்தாவது முடிந்தும் உடம்பில் ஒரு குறையும் இல்லாததால், ரோவருக்கு முன்னே பறந்து வழி பார்த்துச் சொல்லும் வேலையைத் தந்தார்கள். மெல்லிய காற்றுப் பருவம் வந்தபோது சுழலியின் வேகத்தைக் கூட்டினார்கள். சமதரை என்று நம்பியே எழுதப்பட்ட மென்பொருளை மேடு பள்ள வரைபடம் சேர்த்துத் திருத்தினார்கள். சாய்வை அளக்கும் உணரி ஒன்று செயலிழந்தபோது வேறோர் உணரியைக் கொண்டு அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள்.

மிகக் கடினம் 2022 குளிர்காலம். அங்கே இரவு வெப்பநிலை மைனஸ் 90 டிகிரி வரை இறங்கும். கருவிகளைச் சூடாக வைக்கும் செலவுக்கே பேட்டரியின் பெரும்பகுதி போய்விடும். அந்த ஆண்டு மே 3 அன்று தொடர்பு அறுந்தது. புழுதியும் குளிரும் சேர்ந்து இரவில் பேட்டரி இறங்கிவிட, ஹெலிகாப்டரின் கடிகாரம் நின்று மறுபடி தொடங்கியிருந்தது. ரோவர் கூப்பிட்ட நேரத்தில் அது உறங்கிக்கொண்டிருந்தது. எனவே ரோவரின் பணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் அந்த ஒரு குரலுக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். மே 5 அன்று பதில் வந்தது.

மொத்தக் கணக்கு: இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில், 17 கிலோமீட்டர் தூரம், அதிகபட்ச உயரம் 24 மீட்டர்.

பிறகு ஏன் விழுந்தது?

கண்ணாடி மேசையில் வைத்த மவுஸ்தான் விடை.

2024 ஜனவரி தொடக்கத்தில் அது மணல் அலைகள் படிந்த ஒரு வெளிக்குள் வந்தது. கல் இல்லை, விளிம்பு இல்லை, கூர்மையான நிழல் இல்லை. எங்கு பார்த்தாலும் ஒரே போல வழவழப்பான மணல். 71-ஆவது பறப்பு பாதியிலேயே அவசரமாக இறங்கியது. தான் எங்கே இருக்கிறது என்று சரிபார்ப்பதற்காக ஜனவரி 18 அன்று நேராக மேலே எழும்பி நேராக இறங்கும் ஒரு சிறு பறப்பைத் தந்தார்கள். 12 மீட்டர் ஏறியது, சில வினாடி நின்றது, இறங்கத் தொடங்கியது. தரைக்குச் சுமார் ஒரு மீட்டர் இருக்கும்போது தொடர்பு அறுந்தது.

அடுத்தடுத்த நாட்களில் வந்த படங்களில் மணலின்மேல் இறக்கையின் நிழல் விழுந்திருந்தது. நுனி இல்லை. முதல் நாள் வெற்றியைச் சொன்னதும் நிழல்தான், இதைச் சொன்னதும் நிழல்தான்.

விசாரணை முடிவு டிசம்பரில் வந்தது. பின்தொடரப் போதிய புள்ளிகள் கிடைக்காததால் பக்கவாட்டு வேகத்தைக் கணினி தவறாகக் கணித்திருக்கிறது. நேராக இறங்குவதாக நினைத்துக்கொண்டு, பக்கவாட்டில் வழுக்கியபடி மணல் மேட்டுச் சரிவில் இறங்கியிருக்கிறது. கால் ஊன்றிய வேகத்தில் உடல் சட்டென்று புரள, சுழன்றுகொண்டிருந்த இறக்கைகள் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. நான்கு இறக்கைகளும் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் முறிந்தன. அந்த அதிர்வில் ஓர் இறக்கை வேரோடு பிடுங்கிக்கொண்டு 15 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. இறக்கைகள் தரையில் மோதி உடைந்தன என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். படங்களையும் அளவுகளையும் வைத்துப் பொறுமையாக அலசியவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த ஹெலிகாப்டரின் கண்ணை எப்படிச் செய்ய வேண்டும் என்பது இந்த அலசலிலிருந்துதான் கிடைக்கும்.

அடுத்து எங்கே பறக்கப்போகிறார்கள்?

சனிக்கோளின் நிலாவான டைட்டனில். டிராகன்ஃப்ளை என்ற எட்டுச் சுழலி வானூர்தியை 2028-இல் ஏவத் திட்டம். போய்ச் சேர 2034 ஆகும். அங்கே நிலைமை நேர் எதிர். காற்று நம்முடையதைப் போல நான்கு மடங்கு அடர்த்தி, ஈர்ப்போ ஏழில் ஒரு பங்கு. கார் அளவு கனமான ஒன்று கூட எளிதாக எழும்பும். வெயில் அங்கே மிகக் குறைவு என்பதால் அணுக்கருச் சிதைவு வெப்பத்தில் மின்சாரம். செவ்வாய்க்கும் சில கிலோ ஆய்வுக் கருவிகளைச் சுமந்து ஒரே நாளில் 3 கிலோமீட்டர் வரை போகக்கூடிய ஆறு சுழலி வானூர்தி ஒன்றை வடிவமைப்பு நிலையில் ஆராய்ந்து வருகிறார்கள்.

இன்ஜெனுவிட்டி இப்போது என்ன செய்கிறது?

விழுந்த இடத்திலேயே நிற்கிறது. நான்கு காலும் ஊன்றித்தான் நிற்கிறது. சூரியத் தகடும் பேட்டரியும் கேமராவும் வேலை செய்ததால், 2024 ஏப்ரலில் குழுவினர் கடைசியாக ஒரு மென்பொருளை அனுப்பிவிட்டு விடைபெற்றார்கள். தினமும் காலையில் எழுந்து, தன் உடல்நிலையைச் சோதித்து, தரையை ஒரு படம் எடுத்து, வெப்பநிலையைக் குறித்துவைக்க வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட வேலை. ரோவர் தூரம் போகப் போகச் செய்தி அனுப்ப வழி குறையும். ஆனாலும் குறிப்பெடுப்பது தொடரும். நினைவகத்தில் சுமார் 20 ஆண்டுகளுக்கு இடம் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமென்றால் இன்னொரு ரோவரோ இன்னொரு ஹெலிகாப்டரோ மனிதரோ அந்த மணல்வெளிக்கு நேரில் போக வேண்டும்.